சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதுங்கள்

கேள்வி: எங்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். 2018 ஜூன் முதல் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வந்தபோது வாடகை 15,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம், 1,50,000. வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றி இப்போது 21,000 கொடுக்கிறோம். முதல் பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்த பிறகு புதிதாக எதுவும் எழுதவில்லை. பழைய ஓனர் ஐயா நல்ல மனிதர், போன வருடம் தவறிவிட்டார். கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய மகன் இந்த ஜனவரி முதல் வாரத்தில் மாடிப்படியில் பார்த்து, "பதினைந்து நாளில் காலி பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு மைசூரில் ஒரு தங்கை இருக்கிறார். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, அதுபோக சமையல் மேடை, பாத்ரூம் கதவு, க்ளீனிங் என்று 35,000 பிடித்துக்கொள்வாராம். மீதியை, புதிதாக வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருவாராம். நாங்கள் மறுத்துப் பேசிய நாளிலிருந்து எங்கள் மாடிக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை. மகள் மார்ச்சில் எஸ்எஸ்எல்சி எழுதப் போகிறாள். சென்னையில் இருக்கும் தம்பி, "மூணு மாசத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கினதே தப்பு, கேஸ் போடு" என்கிறான். கணவர், "இனிமேல் வாடகையே கொடுக்க வேண்டாம், அட்வான்ஸில் கழித்துவிடலாம்" என்கிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. வெளிமாநிலத்துக்காரர்கள் என்பதால் ஸ்டேஷனில் எங்கள் பேச்சு எடுபடுமா என்றும் தெரியவில்லை. பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் சொன்ன தண்ணீர் விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணம் ஒரு மாதம் முன்பின் வரலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் தண்ணீர் அப்படிக் காத்திருக்காது.

2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்காக நகரமே தவித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் மகன் "போரில் தண்ணீர் இல்லை" என்று சொல்லக்கூடும். உண்மையிலேயே இல்லையென்றால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இல்லை, அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. கீழ் வீட்டிலும் முதல் மாடியிலும் வந்துகொண்டிருக்க, உங்கள் மாடிக்கு மட்டும் வால்வு மூடியிருந்தால் அது தவறு. வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, ஒப்பந்தப்படி நடந்துகொள்ளும் குடித்தனக்காரர் யாருடைய குறுக்கீடும் இல்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவில் சொல்கிறது. தண்ணீரை நிறுத்திக் காலி செய்ய வைப்பது அந்த உறுதியை மீறுவது. சிவில் நீதிமன்றத்தில் இதற்குத் தடையுத்தரவு கேட்கலாம்.

இப்போதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று நாள், காலையும் மாலையும், குழாயைத் திறந்து செல்போனில் படம் பிடியுங்கள். அன்றன்றே மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: "இன்று காலை ஆறு மணியிலிருந்து எங்கள் மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. மற்ற வீடுகளுக்கு வருகிறது. வால்வைப் பார்த்துத் திறந்துவிடுங்கள்." கோபமோ சட்டப் பிரிவோ அதில் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இந்தச் செய்தி இரண்டாவது முறை போனதுமே தண்ணீர் வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தில் வந்துவிட்ட விஷயத்தை யாரும் கொஞ்சம் யோசித்துத்தான் செய்வார்கள். வராவிட்டால், இதே செய்திகளைப் பிரதி எடுத்துக் காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுங்கள்.

ஸ்டேஷன் பற்றிய உங்கள் பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சாசனம் 19-ஆவது பிரிவில் உங்களுக்குத் தந்திருக்கிறது. வாடகை வீட்டுச் சட்டம் எதிலும் குடித்தனக்காரர் எந்த மாநிலம் என்ற கேள்வியே கிடையாது. மனுவை ஆங்கிலத்தில் எழுதுங்கள், கன்னடத்தில் எழுதித் தர அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. "இது சிவில் விஷயம், நாங்கள் தலையிட மாட்டோம்" என்று அங்கே சொல்லலாம். அதையும் எழுத்தில் கேளுங்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு நம் ஊர் ஸ்டேஷன்களில் என்டார்ஸ்மென்ட் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் திரும்பி வராதீர்கள். யாராவது வந்து பூட்டை மாற்றினாலோ சாமானை வெளியே எடுத்து வைத்தாலோ அப்போது அது வெறும் சிவில் விஷயம் இல்லை, அந்த நிமிடமே 112-ஐ அழைக்க வேண்டும். அமைதியாகக் குடியிருப்பவரை, உரிமையாளரே ஆனாலும், சட்டப்படி அல்லாமல் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று 2003 டிசம்பரில் வழங்கிய ரமே கவுடா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நம் கர்நாடகத்திலிருந்து போன வழக்குதான். அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருக்குச் சொந்தம் என்ற விசாரணைக்கே போகாமல் அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்லும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவு அது.

சரி, இனி பணம்.

உங்கள் தம்பி அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் சொல்வது தமிழ்நாட்டுச் சட்டம். அங்கே 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று இருக்கிறது. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் அந்தச் சட்டம் நின்றுவிடும். மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத அட்வான்ஸ்தான் உச்சவரம்பு. ஆனால் அது பெயரிலேயே உள்ளபடி ஒரு மாதிரி. மாநிலம் தன் சட்டமன்றத்தில் நிறைவேற்றினால்தான் அது அந்த மாநிலத்தில் செல்லும். அதைக் காட்டி நம் ஊர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. கர்நாடகத்துக்கென்று 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போகும் வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்றைக்கு இந்த ஊரில் 3,500 ரூபாய்க்குள் எந்த வீடு கிடைக்கிறது? ஆக, உங்களைப் போன்ற லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு மிச்சம் இருப்பது வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து மாற்றுச் சட்டமும், நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த அக்ரிமென்ட்டும்தான். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இவ்வளவு பேர் வாடகையில் வாழும் நகரத்தில், பத்து மாத அட்வான்ஸுக்கு ஒரு கேள்வி கேட்க இடமில்லை. ஆனாலும் உங்கள் அட்வான்ஸைத் திரும்ப வாங்க இந்தப் பழைய சட்டமே போதும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடிதத்தோடு அக்ரிமென்ட்டின் மூன்று பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை மூன்று வரிகள். நான்காவது பத்தியில், யார் முடித்துக்கொள்வதானாலும் இரண்டு மாத நோட்டீஸ். ஏழாவதில், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். ஒன்பதாவதில், 1,50,000 ரூபாய் பெற்றுக்கொண்டதாகவும், காலி செய்து சாவி ஒப்படைக்கும் நேரத்தில் அதை வட்டியில்லாமல் திருப்பித் தருவதாகவும் எழுதியிருக்கிறது. ஒரு லட்சம் செக்காகவும் ஐம்பதாயிரம் ரொக்கமாகவும் கொடுத்ததாகவும், ரொக்கத்துக்கு ரசீது இல்லை என்று கவலையாக இருப்பதாகவும் பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன் என்று அக்ரிமென்ட்டிலேயே பழைய ஓனர் கையெழுத்துப் போட்டிருப்பதால் தனி ரசீது தேவையில்லை.

பதினைந்து நாள் கதைக்கு வருவோம். அக்ரிமென்ட் முடிந்த பிறகும் நீங்கள் இருந்தீர்கள், அவர்கள் வாடகை வாங்கினார்கள். சட்டம் இதை மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகக் கருதும். அப்படிப்பட்ட வாடகையை முடிக்கப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் இருப்பது உண்மைதான், யாரோ அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் அந்தப் பதினைந்து நாள். பழைய நிபந்தனைகளின்படியே இருவரும் நடந்து வந்திருக்கிறீர்கள், வருடா வருடம் ஐந்து சதவீத ஏற்றமும் அக்ரிமென்ட்டில் உள்ளதுதான். ஆகவே இரண்டு மாத நோட்டீஸும் தொடர்கிறது என்று வலுவாகச் சொல்லலாம். இன்னொன்று, அந்த 106-ஆவது பிரிவு கேட்கும் நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். மாடிப்படியில் நின்று சொன்னது நோட்டீஸே இல்லை. உங்கள் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.

அதற்காக, வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது. இதையும் நான் சொல்லியாக வேண்டும். உங்கள் வகை வாடகையில், முறையாக நோட்டீஸ் கொடுத்தால் உரிமையாளர் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. வீட்டைத் திரும்பக் கேட்பது அவருடைய உரிமை. நோட்டீஸ் காலம் முடிந்தும் நீங்கள் போகாவிட்டால் அவர் நீதிமன்றம் போய்த்தான் காலி செய்ய வைக்க முடியும், அது வருடக்கணக்கில் இழுக்கலாம் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். அந்த வழியில் போகாதீர்கள். நோட்டீஸ் முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இழப்பீடு கேட்கப்படும், உங்கள் 1,50,000 அதிலேயே கரைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது மகளின் பரீட்சை முடியும்வரை அமைதியும், போகும்போது பணமும். இரண்டுக்கும் பேசி வழி செய்யலாம்.

இப்போது பிடித்தம். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஏழு வருடம் ஆன சுவருக்கு எப்படியும் வண்ணம் பூசத்தான் வேண்டும், அதைக் குடித்தனக்காரர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் இந்த ஒரு 21,000-க்காக நீங்கள் சண்டை போட வேண்டாம் என்பது என் எண்ணம். எழுதிக் கொடுத்ததை மதித்தீர்கள் என்ற பெயர் மற்ற எல்லாப் பேச்சிலும் உங்களுக்குத் துணை நிற்கும். அதே வரி அவரையும் கட்டுப்படுத்துகிறது என்பதை மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்துவிட்டால் அதற்கு மேல் கேட்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. பெயின்டிங் செலவு நாற்பதாயிரம் ஆனது என்று நாளைக்கு அவர் பில் காட்டினாலும் உங்கள் பங்கு 21,000-தான்.

அந்த 35,000 வேறு கதை. வாங்கியபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானத்துக்குக் குடித்தனக்காரர் பொறுப்பில்லை என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் உள்ள விதி. பாத்ரூம் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளைவுட் கதவு தினமும் தண்ணீர் பட்டுப் பட்டு அடியில் உப்பி உளுத்துப்போகும். ஏழு வருடத்தில் அப்படி ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது தேய்மானம். யாராவது உதைத்துத் தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தால் அது தேய்மானம் இல்லை. சமையல் மேடையின் கருங்கல்லில் எண்ணெய்க் கறையும், மங்கிய பளபளப்பும் தேய்மானம். தேங்காய் உடைத்து விரிசல் விழுந்திருந்தால் அது உங்கள் கணக்கு. தண்ணீர்ச் சுத்திகரிப்பு மெஷினுக்கும் டிவிக்கும் சுவரில் போட்ட ஓட்டைகள் உங்களுடையவை, அவற்றை நீங்களே ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு அடைத்துவிடுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். உங்கள் தவறாக இருப்பதை நீங்களே முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் எது எப்படிச் சேதமானது, பழுது பார்க்க எவ்வளவு என்று தச்சரிடமோ மேஸ்திரியிடமோ வாங்கிய கணக்கை அவர்தான் காட்ட வேண்டும். "மொத்தமாக 35,000" என்பது கணக்கு இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் நீங்கள் குடிவந்தபோது வீட்டைப் படம் எடுத்து வைத்தீர்களா? பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. ஆனால் பால் காய்ச்சிய அன்று குடும்பத்தோடு படம் எடுத்திருப்பீர்கள், மகளின் பிறந்தநாளுக்கு எடுத்திருப்பீர்கள். பழைய போனில் தேடிப் பாருங்கள். கேக்குக்குப் பின்னால் தெரியும் சுவரும், சமையலறை வாசலும் உங்களுக்குச் சாட்சி சொல்லும். ஒரு வழக்கில், குழந்தை முதல் அடி எடுத்து வைத்த வீடியோவில் தரையில் இருந்த விரிசல் தெரிந்தது. அதோடு அந்தப் பேச்சே முடிந்துபோனது.

உங்கள் கணவர் சொல்லும் வழியைப் பற்றி. வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்வது இந்த ஊரில் பலரும் செய்வதுதான். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, பணம் நம் கையில் இருந்தால்தான் பணம். ஆனால் அக்ரிமென்ட் அதற்கு இடம் தரவில்லை. நீங்களாகவே நிறுத்தினால், இதுவரை ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுத்தவர் என்ற பலத்தை இழந்துவிடுவீர்கள். "வாடகை தரவில்லை" என்ற ஒரு சொல் போதும், தண்ணீர் முதல் மகளின் படிப்பு வரை எல்லாம் அடிபட்டுப்போகும். அவர் சம்மதித்து எழுத்தில் சொன்னால் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். அப்படிச் சம்மதிக்க வைப்பது கடினமும் இல்லை, ஏனென்றால் மொத்தமாக ஒரு தொகையைப் புரட்டித் தருவதைவிட இரண்டு மாதம் வாடகை வாங்காமல் இருப்பது அவருக்கும் சுலபம். புது ஆள் வந்தால்தான் தருவேன் என்கிறவரிடம் இப்போது ரொக்கம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கெட்ட எண்ணம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். அப்பா வாங்கிய அட்வான்ஸ் எப்போதோ வீட்டுச் செலவில் போயிருக்கும்.

அப்பா வாங்கியது எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியுமா? முடியாது. வீட்டை வாரிசாக அடைகிறவர்கள் அந்த வீட்டின் மேல் வாங்கிய அட்வான்ஸுக்கும், தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குப் பொறுப்பு. மைசூரில் ஒரு தங்கை இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர் உயில் எழுதி வைக்கவில்லை என்றால் அவருக்கும் வீட்டில் சம பங்கு. ஆகவே நீங்கள் எழுதும் கடிதத்தில் இருவர் பெயரையும் போடுங்கள். மகனிடம், "நானும் என் தங்கையும் சேர்ந்து இதை ஒப்புக்கொள்கிறோம்" என்று ஒரு வரி வாங்குங்கள். பிற்பாடு அண்ணன் தங்கைக்குள் ஏதாவது வந்தால் உங்கள் பணம் நடுவில் மாட்டக் கூடாது.

இப்போது அந்தக் கடிதம். இதைத்தான் நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டும். ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில், அவருக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சி வரும்படி அனுப்புங்கள், அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நீங்கள் வாய்மொழியாகக் காலி செய்யச் சொன்னீர்கள், அக்ரிமென்ட்டின் நான்காவது பத்தியில் இரண்டு மாத நோட்டீஸ் இருக்கிறது, மகளின் பரீட்சையை முன்னிட்டு ஏப்ரல் 30-ஆம் தேதி காலி செய்ய நாங்கள் தயார் என்று தொடங்குங்கள். ஜனவரி, பிப்ரவரி வாடகையை வழக்கம்போல் கட்டுகிறோம். மார்ச், ஏப்ரல் வாடகை 42,000-ஐ அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சம்மதம் தாருங்கள். பெயின்டிங்குக்கு 21,000 பிடித்துக்கொள்ளுங்கள். மீதி 87,000-ஐ சாவி ஒப்படைக்கும்போது வங்கி மூலம் தர வேண்டும். வேறு சேதம் இருப்பதாக நினைத்தால் மார்ச் மாதத்துக்குள் வந்து எங்களோடு சேர்ந்து பார்த்து, மதிப்பீட்டை எழுத்தில் கொடுங்கள். கடைசியாக, அன்றைய தேதியில் தராவிட்டால் அந்த நாளிலிருந்து வட்டியும் கேட்போம் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அக்ரிமென்ட் வட்டியில்லை என்று சொல்வது நீங்கள் குடியிருக்கும் காலத்துக்கு. தர வேண்டிய நாளில் தராத பணத்துக்கு, வட்டி கேட்போம் என்று எழுத்தில் தெரிவித்திருந்தால் 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி நீதிமன்றம் வட்டி கொடுக்கலாம்.

ஏப்ரல் 30 என்பது நீங்கள் கேட்பது. அவர் மறுத்து இன்றே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால், இரண்டு மாதத்துக்கு மேல் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவே வீட்டை மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதைக் கடிதத்தில் எழுதியதோடு விடாமல் நேரிலும் சொல்லுங்கள், முடிந்தால் அவருடைய மனைவியிடமும். சட்டத்தால் வாங்க முடியாததை மரியாதையாகக் கேட்டு வாங்கிய குடும்பங்கள் நிறைய.

சாவி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன், அதற்கு என் சொந்தக் காரணம் உண்டு. நான் அல்சூரில் ஒரு வரிசை வீட்டில் வளர்ந்தவள். அங்கிருந்து காலி செய்த நாளில் என் அப்பா, "அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்" என்ற வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டார். மூவாயிரம் ரூபாய். பிறகு ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலுக்கு நடந்தார். பிள்ளையைப் பார்த்தாவது கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பார் போல. பாதிதான் வந்தது. எழுத்தில் ஒரு வரிகூட இல்லை, யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் ஒன்பதாவது பத்தி, சாவியும் பணமும் ஒரே நேரத்தில் என்கிறது. ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய இரண்டு வாக்குறுதிகளில் ஒருவர் தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாவிட்டால் மற்றவர் தன் பங்கைச் செய்ய வேண்டியதில்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 51-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆகவே சாமானை எல்லாம் ஏற்றிவிட்டு, காலி வீட்டில் மகனைக் கூப்பிட்டு, அறை அறையாக இருவரும் பார்த்து, மின் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, பெஸ்காம் பில் கட்டிய ரசீதைக் காட்டி, பணம் கணக்கில் விழுந்த செய்தி வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். "வீட்டையும் சாவியையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதும் இல்லை" என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று பணம் வரவில்லை என்றால், "வீடு காலியாக இருக்கிறது, பணம் தந்ததும் சாவி தருகிறோம்" என்று உடனே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுச் சாவியோடு வந்துவிடுங்கள். ஆனால் இந்தப் பிடியைச் சில நாட்களுக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், அந்தக் காலத்துக்கு வாடகை கேட்டு அவர் உங்கள் மேல் திரும்புவார். ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். அதற்குள் பாதியாவது கொடுத்து மீதிக்குத் தேதி போட்டு எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடலாம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு வக்கீல் நோட்டீஸோடு சாவியை ஒப்படைத்துவிட்டு வழக்கை நோக்கி நகருங்கள்.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பணத்தை வசூலிக்க மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதற்கும் முன்னால், சித்தையா சாலையில் நியாய தேகுலா என்ற கட்டடம் இருக்கிறது, மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் அங்கேதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, நீங்களே மனுதாரராகப் போகலாம். 15100 என்ற எண்ணில் கேட்டால் உங்கள் பகுதிக்கு எங்கே போவது என்று சொல்வார்கள். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்து லோக் அதாலத்தில் பேசி முடிக்க முயல்வார்கள். மகன் வந்து ஒத்துக்கொண்டால் அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. அவர் வரவே மறுத்தால்தான் சிவில் வழக்கு.

கடைசியாக ஒன்று. அக்ரிமென்ட்டின் ஒரிஜினல் பழைய ஓனரிடமே இருந்துவிட்டது, உங்களிடம் ஜெராக்ஸ்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஒரிஜினலைக் கொண்டுவரச் சொல்லி மகனுக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் கொண்டுவராவிட்டால் ஜெராக்ஸைக் காட்ட நீதிமன்றத்தில் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் பக்கத்தின் கீழ்ப்பகுதி மங்கிப்போயிருக்கிறது, கையெழுத்துப் பாதிதான் தெரிகிறது. அது தெர்மல் தாளோ பழைய மை அச்சோ, இன்னும் மங்கும். இன்றைக்கே வெயில் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படம் எடுத்து, உங்கள் தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் யார் பெயரில் எந்தத் தேதியில் வாங்கியது என்ற விவரம் இருக்கும். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.